எச்சரிக்கையை வாசிக்கக் கற்போம்: விமானியிடமிருந்து ஒரு பாடம்

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டதும், "காஞ்சிபுரத்து வாத்தியாருக்கு விமானத்தோடு என்ன வேலை?" என்று சிலர் சிரித்தீர்கள். நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

ஐப்பசி பிறந்தால் நம் கைப்பேசிகளில் எச்சரிக்கைகள் வரத் தொடங்கும். மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை. அதைப் பார்த்ததும் மாணவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "நாளைக்கு லீவா சார்?" பெற்றோர் கேட்பதும் அதுதான். ஆசிரியர் அறையிலும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. லீவு உண்டு அல்லது இல்லை என்று தெரிந்தவுடன் எச்சரிக்கையை மூடி வைத்துவிடுகிறோம். மழை எப்போது தொடங்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வலுக்கிறதா தணிகிறதா, எதுவரை நீடிக்கும் என்பதெல்லாம் அந்த எச்சரிக்கையிலேயே இருக்கும். நிறத்தைப் பார்த்தவர்கள் வாக்கியத்தைப் படிப்பதில்லை.

வானிலை எச்சரிக்கையை வரி வரியாக, சொல் சொல்லாகப் படித்தே தீரவேண்டிய ஒரு தொழில் உண்டென்றால் அது விமானியின் தொழில்தான். அவர் எப்படிப் படிக்கிறார் என்று தெரிந்துகொண்டால் நம் மாணவருக்கு வாசிப்புத் திறனையும் பாதுகாப்பையும் ஒரே பாடத்தில் கற்பிக்கலாம். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விமானிக்கு வரும் வானிலைச் செய்திகளில் மூன்றை மட்டும் பார்ப்போம். முதலாவது மெட்டார். ஒரு விமான நிலையத்தில் இந்த நேரத்தில் காற்று, பார்வைத் தொலைவு, மேகம், வெப்பநிலை, காற்றழுத்தம் எப்படி இருக்கின்றன என்று சொல்லும் அறிக்கை இது. சென்னை போன்ற பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒரு முறை வெளியாகிறது. இரண்டாவது டாஃப். அதே நிலையத்தில் இனிவரும் மணி நேரங்களில் வானிலை எப்படி மாறும் என்ற முன்கணிப்பு. மூன்றாவதுதான் இன்றைய பாடம். அதன் பெயர் சிக்மெட். பறக்கும் பாதையில் உள்ள கடும் ஆபத்துகளுக்கு மட்டும் இதை வெளியிடுவார்கள். இடிமழை, கடுமையான காற்றுக் குலுக்கல், இறக்கையில் பனி உறைதல், வெப்பமண்டலப் புயல், எரிமலைச் சாம்பல் முதலியவை அதில் அடங்கும்.

நாட்டின் வான்வெளியைப் பெரிய பெரிய பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கு மேலும், அதை ஒட்டிய கடலுக்கு மேலும் விரிந்திருப்பது சென்னை வான் தகவல் பகுதி. அதற்கான சிக்மெட் செய்தியை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னைக் கண்காணிப்பு அலுவலகம் வெளியிடுகிறது. நம் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்துக்கு மேலே பறந்து சென்னைக்கு இறங்கும் விமானத்தின் விமானியும் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்.

உண்மையான சிக்மெட் ஆங்கிலச் சுருக்க எழுத்துகளில் இருக்கும். வகுப்பறைக்காக நானே தமிழில் ஒரு மாதிரியை அமைத்திருக்கிறேன். கரும்பலகையைப் பாருங்கள்.

"சென்னை வான் தகவல் பகுதி – சிக்மெட் 3 – செல்லுபடி 010830 / 011230 – பொதிந்த இடிமழை – முன்கணிப்பு – வட அட்சம் 12 முதல் 14 வரை, கிழக்குத் தீர்க்கம் 80 முதல் 82 வரை – உச்சி 450 – நகர்வு மேற்கு 10 நாட் – வலுக்கிறது."

ஒரே ஒரு வரி. இதை விமானி எப்படிப் படிக்கிறார்?

முதலில் நேரம். 010830 என்றால் மாதத்தின் முதல் தேதி, 8 மணி 30 நிமிடம். ஆனால் அது நம் கடிகார நேரம் அல்ல. உலகம் முழுவதும் விமானத் துறை ஒரே நேரத்தைப் பயன்படுத்துகிறது. அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் இந்திய நேரம் கிடைக்கும். ஆகவே இந்த எச்சரிக்கை பிற்பகல் 2 மணியிலிருந்து மாலை 6 மணி வரை செல்லும். சிக்மெட்டின் ஆயுள் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாது. புயலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் ஆறு மணி நேரம். கெடு முடிந்த எச்சரிக்கையை விமானி கையில் வைத்துக்கொள்வதில்லை. எண் 3 என்று இருப்பதையும் கவனியுங்கள். இது அன்று வெளியான மூன்றாவது செய்தி. முதல் இரண்டில் என்ன இருந்தது, அதன்பின் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவுகிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் முந்தாநாள் எச்சரிக்கை இன்று புதிதாகச் சுற்றி வருவதை நினைத்துப் பாருங்கள். தேதியையும் நேரத்தையும் முதலில் பார் என்பதுதான் முதல் பாடம்.

அடுத்து, "முன்கணிப்பு" என்ற சொல். இந்த இடத்தில் "நோக்கப்பட்டது" என்றும் வரலாம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒன்று, நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பது. மற்றொன்று, இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்பது. கேள்விப்பட்டதா, கண்டதா, கணித்ததா என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் அறிவியல் வகுப்புக்கும் வேண்டும், செய்தித்தாள் வாசிப்புக்கும் வேண்டும்.

மூன்றாவது, "பொதிந்த இடிமழை". புவியியல் பாடத்தில் கார்திரள் மேகம் பற்றிச் சொல்லித் தருகிறோம். தனியாக நிற்கும் கார்திரள் மேகத்தை விமானி தொலைவிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் அது சாதாரண மேகப் படலங்களுக்குள் புதைந்திருந்தால் வெளியே தெரியாது. வெள்ளைப் போர்வைக்குள் நுழைகிறோம் என்று நினைத்து இடிமேகத்துக்குள் நுழைய நேரிடும். அதைத்தான் இந்த ஒரு சொல் எச்சரிக்கிறது. இதேபோல் புழுதியாலோ புகையாலோ இருட்டாலோ மறைந்த இடிமழைக்குத் தனிச் சொல் உண்டு. வரிசையாக அணிவகுத்து வரும் இடிமழைக்குத் தனிச் சொல் உண்டு. "அடிக்கடி" என்று பொருள்படும் ஒரு சொல்லும் உண்டு. அதைக் கேட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடிக்கும் என்று நாம் நினைப்போம். அது அந்தப் பொருளில் வருவதில்லை. அந்தப் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இடிமேகங்கள் நெருங்கி நிற்கின்றன, இடையில் புகுந்து போக வழியில்லை என்பதே அதன் பொருள். காலத்தைக் குறிப்பதுபோல் தெரியும் சொல் இங்கே இடத்தைக் குறிக்கிறது.

நம் வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையிலும் இப்படி ஒரு சொல் உண்டு. "ஓரிரு இடங்களில் கனமழை." ஓரிரு இடம் என்றதும் நம் ஊர் தப்பிவிடும் என்று மனம் சொல்கிறது. ஆனால் துறையின் வழக்கில் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை என்பது அதன் பொருள். "கனமழை" என்பதும் வெறும் பேச்சுச் சொல் அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. தெரிந்த சொல்லுக்குள் தெரியாத வரையறை இருக்கக்கூடும் என்று மாணவருக்குச் சொல்லித் தரவேண்டும்.

நான்காவது, உச்சி 450. இதோடு இரண்டு சுழியம் சேர்த்தால் அடிக்கணக்கு வரும். அதாவது 45,000 அடி. பயணிகள் விமானங்கள் பொதுவாக 33,000 முதல் 41,000 அடி வரையிலான உயரத்தில் பறப்பவை. ஆகவே இந்த மேகத்தின் தலைக்கு மேலே பறந்து போக முடியாது. சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எவ்வளவு தள்ளி? கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர் விலகிப் போகச் சொல்வது வழக்கம். காஞ்சியிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேகத்துக்கு அவ்வளவு மரியாதை தேவைப்படுகிறது.

ஐந்தாவது, நகர்வும் போக்கும். மேற்கு நோக்கி 10 நாட் வேகத்தில் நகர்கிறது, வலுக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இங்கே மாணவர் தடுமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. சிக்மெட்டில் "மேற்கு" என்றால் மேகம் மேற்கு நோக்கிப் போகிறது. ஆனால் மெட்டாரில் காற்றின் திசை "வடக்கு" என்றால் காற்று வடக்கிலிருந்து வருகிறது. ஒன்று போகும் திசை, மற்றொன்று வரும் திசை. இதை விளக்க நமக்குத் தமிழே துணை நிற்கிறது. வாடை வடக்கிலிருந்து வருவது. தென்றல் தெற்கிலிருந்து வருவது. கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. நம் முன்னோர் காற்றுக்குப் பெயர் வைத்தது அது புறப்படும் திசையை வைத்துத்தான். இதைச் சொன்னவுடன் என் வகுப்பில் குழப்பம் தீர்ந்தது.

ஆறாவது, இந்த வரியில் எழுதப்படாத ஒன்று. இடிமழைக்கான சிக்மெட்டில் காற்றுக் குலுக்கல் பற்றியோ பனி உறைதல் பற்றியோ ஒரு சொல்லும் இருக்காது. அப்படியானால் அவை இல்லையா? இருக்கின்றன. இடிமழை என்றாலே கடும் குலுக்கலும் பனி உறைதலும் அதற்குள் உண்டு என்பது உலக விதி. அதனால்தான் தனியாக எழுதுவதில்லை. படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சொல்லில் இல்லாத பொருளையும் சேர்த்துப் படிப்பது என்று தமிழ் வகுப்பில் நாம் சொல்வது இதுதான்.

இவ்வளவும் படித்தாயிற்று. இப்போதுதான் விமானியின் உண்மையான வேலை தொடங்குகிறது. "வானிலை நல்லதா, கெட்டதா?" என்று அவர் கேட்பதில்லை. என் பாதை இந்தப் பகுதியைக் கடக்கிறதா? நான் பறக்கும் உயரத்தில் இது இருக்கிறதா? நான் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் அது எங்கே இருக்கும்? இந்த மூன்றையும்தான் கேட்கிறார். ஒரே சிக்மெட்டைப் படித்த இரண்டு விமானிகளில் ஒருவர் நேரே போகலாம். மற்றொருவர் நூறு கிலோமீட்டர் சுற்றிப் போகலாம். இருவரும் சரியாகப் படித்தவர்களே. அவரவர் பாதையும் நேரமும் வேறு.

அதோடு ஒரு மாற்று வழியையும் கையில் வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார். சென்னைக்கு வரும் விமானம் சென்னை வரைக்கும் போதுமான எரிபொருளோடு மட்டும் வருவதில்லை. சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூருக்கோ திருச்சிக்கோ ஐதராபாத்துக்கோ போக எரிபொருள் வேண்டும். அங்கே போன பிறகும் அரை மணி நேரம் வட்டமிட எரிபொருள் மிச்சம் இருக்கவேண்டும். மாற்று நிலையம் எதற்கு என்று 2015-இல் நாமே நேரில் பார்த்தோம். டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் அடையாறு பெருகி, சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அப்போது நமக்குப் பக்கத்தில், அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நெருங்கிய நாள். சென்னை விமான நிலையத்தில் எடுத்த ஒரு காணொலியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இறங்க வந்த ஒரு விமானம் ஓடுபாதையைத் தொடும் நேரத்தில் பக்கக் காற்றில் தள்ளாடியது. உடனே விமானி இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலே எழும்பிப் போனார். பார்த்தவர்கள் "மயிரிழையில் தப்பியது" என்று பகிர்ந்தார்கள். விமானத் துறையில் அதற்கு வேறு பார்வை உண்டு. இப்படி மேலெழுவது முன்பே பயிற்சி பெற்ற, வழக்கமான ஒரு நடைமுறை. இறங்க முடியாவிட்டால் என்ன செய்வது என்ற முடிவு இறங்கத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும்.

கணித ஆசிரியர்களுக்கு இதில் நல்ல பயிற்சி உண்டு. சென்னையின் முதன்மை ஓடுபாதை எண் 07. அதாவது வடக்கிலிருந்து ஏறக்குறைய 70 டிகிரி திசையில் நீள்கிறது. வாடைக்காற்று 30 நாட் வேகத்தில் வீசினால் ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே உள்ள கோணம் 70 டிகிரி. சைன் 70-இன் மதிப்பு 0.94. ஆகவே பக்கக் காற்று 28 நாட். அதாவது கிட்டத்தட்ட முழுக் காற்றும் பக்கவாட்டில் அடிக்கிறது. "சைன், காஸ் எல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்கும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள்.

அதே ஃபெஞ்சல் இன்னொரு பாடமும் கற்றுத் தந்தது. அன்று இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. "கரை கடந்துவிட்டது" என்று கேட்டதும் ஆபத்து முடிந்ததாகப் பலர் நினைத்தார்கள். ஆனால் கரை கடந்த பிறகு அது நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் வரலாறு காணாத மழை கொட்டியது. மழைமேகம் நகராமல் நிற்பது நகர்வதைவிட மோசமாக இருக்கலாம். சிக்மெட்டில் "நகரவில்லை" என்பதற்கும் ஒரு சுருக்கச் சொல் இருக்கிறது. விமானி அதையும் தேடிப் பார்க்கிறார்.

சரியாகப் படிப்பது மட்டும் எப்போதும் போதுமா? இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1977 ஏப்ரல் 4. அமெரிக்காவில் சதர்ன் ஏர்வேஸ் 242 என்ற விமானம் அட்லாண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் பெரும் இடிமழை. விமானத்திலேயே வானிலை ரேடார் இருந்தது. அதில் ஓரிடம் வெறுமையாகத் தெரிந்தது. அங்கே வழி இருக்கிறது என்று எண்ணி விமானிகள் நுழைந்தார்கள். உண்மையில் முன்னால் இருந்த அடர்ந்த மழை ரேடார் அலைகளை விழுங்கிவிட்டதால் அதற்குப் பின்னால் இருந்தது திரையில் விழவில்லை. வெறுமையாகத் தெரிந்த இடத்தில்தான் புயலின் கடுமையான பகுதி இருந்தது. மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. நெடுஞ்சாலையில் இறங்க முயன்ற அந்த விமானம் நொறுங்கி, தரையில் இருந்தவர்கள் உட்பட 72 பேர் இறந்தார்கள். அண்மைய வானிலைத் தகவல் விமானிகளுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதை விசாரணை முக்கியமாகச் சுட்டிக்காட்டியது. திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. நமக்குத் தகவல் வரவில்லை என்றும் இருக்கலாம். "எங்கள் ஊருக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லையே" என்று நாம் சொல்வதற்கும் இது பொருந்தும்.

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. 2025 மே 21. டெல்லியிலிருந்து சிறீநகர் சென்ற இண்டிகோ விமானம் பதான்கோட் அருகே 36,000 அடி உயரத்தில் ஆலங்கட்டி மழையில் சிக்கியது. இடிமேகத்தைத் தவிர்க்க எல்லைப் பக்கம் விலகிப் போக விமானிகள் அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. லாகூர் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்டார்கள். அங்கும் மறுப்பு. திரும்பிவிட முயன்றபோது மேகம் மிக அருகில் வந்துவிட்டது. ஆகவே மிகக் குறுகிய வழியாக மேகத்தைக் கடந்து வெளியேறினார்கள். விமானத்தின் மூக்குப் பகுதி சேதமடைந்தது. பயணிகள் அனைவரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட தகவல் இது. யாரைக் குறை சொல்லவும் இதை எடுத்துவரவில்லை. ஆபத்து நெருங்க நெருங்க நம் முன் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். எச்சரிக்கையை முன்கூட்டியே படிப்பதன் பயன் அங்கேதான் இருக்கிறது. வழிகள் திறந்திருக்கும்போதே முடிவெடுக்கலாம்.

இன்னொரு செய்தி. விமானி எச்சரிக்கையைப் படிப்பவர் மட்டும் அல்லர், எழுதவும் உதவுகிறவர். கடும் குலுக்கலில் சிக்கிய விமானி அதைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு உடனே சொல்லவேண்டும். எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு என்று அவர் கொடுக்கும் அறிக்கை, பின்னால் வருபவருக்கான புதிய சிக்மெட்டாக மாறலாம்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். கரும்பலகையில் இருக்கும் அந்த மாதிரி எச்சரிக்கையை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தேன். காஞ்சிபுரம் கிழக்குத் தீர்க்கம் 79.7 டிகிரியில் இருக்கிறது. எச்சரிக்கைப் பகுதியின் மேற்கு எல்லை 80 டிகிரி. இடைவெளி 0.3 டிகிரி. நம் அட்சத்தில் ஒரு டிகிரி தீர்க்கம் சுமார் 108 கிலோமீட்டர். ஆகவே தூரம் 32 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேகத்தின் வேகம் மணிக்கு 18.5 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்ட மழை 3.45-க்குக் காஞ்சிக்கு வருகிறது.

விடை வந்ததும் வகுப்பு அமைதியானது. பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "சார், அது நாம வீட்டுக்குக் கிளம்புற நேரம்."

அந்த வரி அப்போதுதான் அவர்களுக்கு அவர்களுடைய எச்சரிக்கையானது. வேகவதிக் கரையோரம் குடியிருக்கும் பிள்ளை தன் வழியை யோசித்தது. சைக்கிளில் வருபவன் தன் வழியை யோசித்தான். பிள்ளையார்பாளையத்து மாணவன் ஒருவன் வேறு ஒன்று சொன்னான். அவன் வீட்டில் குழித்தறி. மழை நீர் குழியில் ஊறிவிட்டால் தறி நின்றுவிடும். "மதியமே தெரிஞ்சா நூலையும் சரிகையையும் மேலே எடுத்து வெச்சிடலாம் சார்." என் பாதை, என் நேரம் என்று விமானி கேட்கும் அதே கேள்வியை அவன் தன் தறிக்குக் கேட்டுவிட்டான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குறியீட்டு வாசிப்பு புதிதும் அல்ல. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் துளை அட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. அட்டையில் துளையாக இருப்பது சேலையில் அன்னமாகவோ மயிலாகவோ வருகிறது. சுருக்க எழுத்துக்குள் ஒரு முழுப் படம் இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்க அந்த அட்டை ஒன்றே போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு வகுப்புப் பயிற்சிதான். சிக்மெட் விமானத்துக்காக எழுதப்படுவது. அதன் எல்லைக்கோடு சுவர் அல்ல. பள்ளியை எப்போது விடுவது என்ற முடிவுக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையுமே நாம் நம்பவேண்டும். ஆனால் அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதை இந்தப் பயிற்சி சொல்லித் தருகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அட்சமும் தீர்க்கமும் இல்லாமலேயே இதைச் செய்யலாம். எச்சரிக்கைச் செய்தியை வகுப்பில் உரக்கப் படியுங்கள். எப்போது, எங்கே, என்ன, எந்தப் பக்கம் போகிறது, எதுவரை, நாம் என்ன செய்யவேண்டும் என்று ஆறு கேள்விகள் கேளுங்கள். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயல்படு என்று சொல்லிக் கொடுங்கள். தமிழ் ஆசிரியர்கள் அதே செய்தியைப் பத்தி வாசிப்புக்குப் பயன்படுத்தலாம். சமூக அறிவியல் ஆசிரியர்கள் வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம்.

எல்லா நிலைக்கும் பொதுவான ஒன்று இடி. விளையாட்டு நேரத்தில் மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போகவேண்டும். மரத்தடி கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி என்ற கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியராவது அதை வைத்திருப்பது நல்லது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வரும் வடகிழக்குப் பருவமழையின் முதல் எச்சரிக்கை வரும் நாளில், "லீவா சார்?" என்று கேட்கும் பிள்ளையிடம் கோபிக்காமல் அந்தச் செய்தியையே கையில் கொடுங்கள். "நீயே படி. உன் வீட்டுக்குப் போகிற வழிக்கு இதில் என்ன இருக்கிறது என்று சொல்" என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய் அதை அம்மாவிடமும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர் தேங்கிய இடங்களை மறுநாள் வகுப்பில் வந்து சொல்லச் சொல்லுங்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு அது எச்சரிக்கையாகும்.